கேளுங்க சிஸ்டர்: நேர்கோடு வந்தால் ஷாக் கொடுக்கலாமா?

(34 ஆண்டுகள் அரசு மருத்துவமனை வார்டுகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய வண்ணாரப்பேட்டைவாசி, பதில் சொல்கிறார். இந்த இதழில் சினிமா, சீரியல், கதைகளில் வரும் ஆஸ்பத்திரி பற்றிய கேள்விகள் மட்டும். எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.)

பொழுதுபோக்குக்குப் பார்க்கிற படத்தில் ‘ஊசி தப்பு, டிரிப்ஸ் தப்பு’ என்று நொட்டை சொல்வது நியாயமா சிஸ்டர்? ஹீரோ அடித்துப் பத்துப் பேர் பறக்கும்போது கை தட்டுகிறோமே?
– வாசகர், திருவொற்றியூர்

பறக்கட்டும். நானும் தட்டுவேன், விசில்தான் வராது. ‘இவன் அடித்தால் ஆள் பறக்கும்’ என்று படம் முதல் ரீலிலேயே சொல்லிவிட்டது, நாமும் சரி என்று உட்கார்ந்துவிட்டோம். ஆனால் அதே படம் அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்து, மூக்கில் குழாய் மாட்டி, ‘இது நிஜம், அழு’ என்று என்னைக் கேட்கிறது. அழலாம் என்றுதான் முந்தானையை எடுக்கிறேன். பார்த்தால், டிரிப்ஸ் ஊசி முழங்கைக்கு மேலே சட்டையோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறது. கண்ணீர் உள்ளே போய்விடுகிறது.

இருந்தாலும் நான் நிறைய மன்னிப்பேன். ‘24 மணி நேரம் போனால்தான் சொல்ல முடியும்’ என்று டாக்டர் சொல்வதை எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். தலையில் அடிபட்டவருக்கு நாங்கள் உண்மையிலேயே அப்படித்தான் சொல்வோம், வேறு என்ன சொல்வது? ஆபரேஷன் தியேட்டர் வாசல் சிவப்பு பல்பையும் மன்னித்தேன். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் அது இருந்தது, நாலு வருஷமாக எரியவில்லை, அவ்வளவுதான்.

கதை எழுதுகிறவர் தன் வேலையைக் குறைத்துக்கொள்வதற்காகச் செய்கிற தப்பைத்தான் மன்னிக்க முடியவில்லை. கீழே வருகிற கேள்விகளில் பாதி அந்த வகை.

மானிட்டரில் நேர்கோடு வந்ததும் டாக்டர் இரண்டு இஸ்திரிப் பெட்டி மாதிரி எடுத்துத் தேய்த்து, நெஞ்சில் வைத்து ஷாக் கொடுக்கிறார். உடம்பு ஓரடி துள்ளுகிறது. உயிர் வருகிறது. இதில் எவ்வளவு உண்மை?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பெட்டி உண்மை. மற்றதைச் சொல்கிறேன்.

விடிகாலையில் காசிமேட்டு ஏலத்துக்குப் போயிருக்கிறீர்களா? அம்பது பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். யார் விலை கேட்கிறார், யார் விற்கிறார் என்று ஒன்றும் புரியாது. கத்தல் இருக்கும், வியாபாரம் நடக்காது. சில மாரடைப்புகளில் இதயம் அப்படித்தான் ஆகிவிடும். தசை ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்குத் துடிக்கும், மொத்தத்தில் ரத்தம் வெளியே போகாது. அப்போது மானிட்டரில் வருவது நேர்கோடு இல்லை, குழந்தை கிறுக்கிய மாதிரி கோணல் மாணலான கோடு. ஷாக் என்பது அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஊதுகிற ஒரு பெரிய விசில். எல்லோரும் ஒரு நொடி வாயை மூடினால், ஏலம் விடுகிறவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். இதயத்திலும் அப்படி ஏலம் விடுகிற ஒரு முடிச்சு மேலறையில் இருக்கிறது.

நேர்கோடு என்றால் சந்தையில் ஆளே இல்லை. யாருக்கு விசில் ஊதுவது? அங்கே செய்ய வேண்டியது நெஞ்சை அமுக்குவது. நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு தடவையும் 5 செ.மீ. ஆழம். கூடவே 3 முதல் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை அட்ரினலின் 1 மி.கி. அமுக்குகிறவருக்கு இரண்டு நிமிஷத்தில் கை விட்டுப்போகும், ஆள் மாற்ற வேண்டும். வயதானவர்களுக்கு விலா எலும்பு முறிகிற சத்தம் உள்ளங்கையில் தெரியும். அப்படியும் பெரும்பாலும் தோற்றுத்தான் போவோம். படத்தில் ஹீரோவின் நண்பன் இரண்டு விரலால் தடவிக் கொடுக்கிற மாதிரி நாலு அமுக்கு அமுக்கிவிட்டுப் பெட்டிக்குத் தாவுகிறான். அந்த இரண்டு நிமிஷ வேர்வையைக் காட்டியிருந்தால் தியேட்டரே மூச்சு விடாமல் பார்த்திருக்கும்.

நைட் டூட்டி முடித்த ஒரு நாள், வீட்டுக்காரர் அகஸ்தியா தியேட்டருக்குக் கூட்டிப் போனார் (2020-இல் மூடிவிட்டார்கள், அந்தப் பக்கம் போனால் இன்னும் மனசு கேட்பதில்லை). அரைத் தூக்கத்தில் இருந்தவள் இந்தக் காட்சி வந்ததும் ‘ஷாக் குடுக்காதய்யா, அமுக்கு!’ என்று கத்திவிட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, ‘டாக்டருக்குத் தெரியாதாம்மா?’ என்றார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேர்கோடு வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது ஆளைத்தான். அடுத்தது, நெஞ்சில் ஒட்டிய ஒயர் கழன்றிருக்கிறதா என்று. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், கோடு நேரானதைப் பார்த்து ‘சார்!’ என்று வார்டே எழுந்திருக்கிற மாதிரி அலறினேன். டூட்டி டாக்டர் ஒரு கால் செருப்போடு ஓடி வந்தார். கட்டிலில் இருந்த பெரியவர் கண்ணைத் திறந்து, ‘இன்னாம்மா, இன்னா ஆச்சு?’ என்று என்னைக் கேட்டார். வேர்வையில் ஒட்டு பிரிந்திருக்கிறது. அன்றைக்கு டாக்டர் என்னைத் திட்டியதை எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

நான் பார்க்கும் சீரியலில் அப்பாவுக்கு ஏபி குரூப், பிள்ளைக்கு ஓ குரூப். ‘இது என் பிள்ளையே இல்லை’ என்று மனைவியை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார். என் மாமியார் ‘ரத்தம் பொய் சொல்லாது’ என்கிறார். சரியா?
– வாசகி, வியாசர்பாடி

உங்கள் மாமியார் பத்தில் ஒன்பதே முக்கால் சரி. ஏபி குரூப்காரரிடமிருந்து பிள்ளைக்கு ஏ வரும் அல்லது பி வரும், இரண்டில் ஒன்று வந்தே தீரும். அதனால் ஓ குரூப் பிள்ளை பிறக்காது என்பதுதான் பாடம். சீரியல்காரர்கள் இதைப் படித்திருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம்.

மிச்சக் கால் பங்கில்தான் கதையே இருக்கிறது, அதை அவர்கள் கோட்டை விட்டார்கள். 1952-இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவர் கூட்டாளிகளும் ஒரு புது வகை ரத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். பெயரே பம்பாய் குரூப். நம் நாட்டில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கும். ஏ, பி என்கிற அடையாளங்கள் ரத்தச் செல்லின் மேல் ஒட்டுவதற்கு ஹெச் என்று ஓர் அஸ்திவாரம் வேண்டும். இவர்களுக்கு அந்த அஸ்திவாரமே கிடையாது. அப்பாவிடமிருந்து ஏ வந்திருந்தாலும் வெளியே தெரியாது. சாதாரணமாகச் சொட்டு விட்டுப் பார்த்தால் ‘ஓ’ என்றே காட்டும்.

அப்பா, அம்மா இருவரிடமும் அந்தக் குறைபாடு மறைந்திருந்தால், பிள்ளைக்கு நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களிடம் இது கூடுதலாக வரும். இப்போது சீரியலை நினைத்துப் பாருங்கள். கணவர் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் என்று வைத்துக்கொள்வோம். பழி சுமந்து அவள் வெளியே போகிறாள். ஒரு நாள் பிள்ளைக்கு விபத்து, ரத்தம் தேவை. ஓ குரூப் பாட்டிலோடு சேர்த்துப் பார்த்தால் கட்டிகட்டியாகிறது, வேறு பாட்டில், அதுவும் அப்படியே. பிளட் பேங்க் டெக்னீஷியன் நெற்றியைச் சொறிந்துகொண்டு மறுபடி மறுபடி டெஸ்ட் செய்கிறார். பம்பாய் குரூப்காரருக்கு இன்னொரு பம்பாய் குரூப்காரர்தான் கொடுக்க முடியும், ஓ குரூப் கூட ஆளைக் கொன்றுவிடும். பிள்ளையின் குரூப் தெரிகிற அதே காகிதத்தில் அம்மாவின் மானமும் திரும்பி வருகிறது. இருநூறு எபிசோடு ஓட்டலாம், நான் காசு கூடக் கேட்க மாட்டேன்.

போன இதழில் ‘ரத்த தானத்தில் 450 மில்லி எடுப்பார்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். கல்மண்டபம் பக்கம் நடந்த முகாமில் என்னிடம் 350தான் எடுத்தார்கள். ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், ராயபுரம்

ஏமாற்றவில்லை, நான்தான் அரைகுறையாக எழுதிவிட்டேன். 45 கிலோவுக்கு மேல் இருந்தால் 350, 55 கிலோவைத் தாண்டினால் 450 எடுக்கலாம். உங்கள் எடை ஊருக்குத் தெரிந்துபோனதற்கு மன்னிக்கவும்.

இதே சாக்கில், மகன் ஒரு கட்டில், அம்மா ஒரு கட்டில், நடுவில் ரப்பர் குழாய் என்கிற காட்சியையும் முடித்துவிடுகிறேன். முதல் உலகப் போருக்கு முன்னால் ஏறக்குறைய அப்படித்தான் ஏற்றினார்கள். 1914 வாக்கில் சிட்ரேட் உப்பு கலந்தால் ரத்தம் உறையாது என்று தெரிந்தது, பாட்டில் வந்தது, ஆளை ஆளோடு கட்டுகிற வேலை ஒழிந்தது. நம் கதைகளில் இன்னும் ஒழியவில்லை. அதோடு ‘பெற்ற பிள்ளை ரத்தம்தான் சேரும்’ என்பது தலைகீழ். நெருங்கிய சொந்தத்தின் ரத்தத்தில் வருகிற வெள்ளணுக்களை உடம்பு அந்நியர் என்று அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை உள்ளேயே தங்கிக் குடியிருக்கிற வீட்டையே இடிக்கத் தொடங்கும். அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம். அதனால் சொந்தக்காரர் ரத்தம் என்றால் கதிர்வீச்சு கொடுத்த பிறகு ஏற்றுவார்கள், இல்லை வேறு ஆளைத் தேடச் சொல்வார்கள்.

உண்மையில் நடப்பது என்ன? பிள்ளை நாலு நண்பர்களை ஆட்டோவில் அள்ளிக்கொண்டு வருவான். ஒருவன் நேற்று குடித்திருப்பான், ஒருவனுக்குப் போன மாதம் மஞ்சள் காமாலை. பயில்வான் மாதிரி இருப்பவனுக்கு ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே. ஒல்லியாக ஓரமாக நின்றவன் ‘நான் குடுக்கறேன்க்கா’ என்று வருவான், அவன் 45 கிலோ இருக்க மாட்டான். இதைப் பிளட் பேங்க் வாசலில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ரப்பர் குழாயை வைத்து இதை ஏன் தாண்டிப் போகிறார்கள் என்றுதான் புரியவில்லை.

நாடி பிடித்துப் பார்த்து ‘நீ அம்மா ஆகப் போறே’ என்று டாக்டர் சொல்வது?
– வாசகி, பெரம்பூர்

மணிக்கட்டில் அவளுடைய இதயத்துடிப்புதான் தெரியும். மெடிக்கல் ஷாப்பில் கிட் வாங்கச் சொல்லுங்கள்.

சிஸ்டர், வயது 22, கதை எழுதுகிறேன். என் கதையில் நாயகி குடிசையில் தூங்கும்போது கட்டுவிரியன் கடிக்கிறது. அலறி எழுகிறாள். காதலன் கத்தியால் கீறி விஷத்தை உறிஞ்சித் துப்புகிறான். டாக்டர் ஒரு ஊசி போடுகிறார், பிழைக்கிறாள். தவறு இருந்தால் சொல்லவும்.
– வாசகர், எண்ணூர்

தம்பி, பாம்பின் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவரை ராத்திரியில் கடிப்பது பெரும்பாலும் அதுதான். பெயருக்கு அப்புறம் எழுதியது எல்லாவற்றையும் அடியுங்கள்.

கட்டுவிரியன் கடித்தால் அலற மாட்டாள். பல சமயம் கடித்ததே தெரியாது, எறும்பு என்று தேய்த்துவிட்டுத் திரும்பிப் படுப்பாள். பல் பட்ட தடம் கூடத் தெரியாமல் போகும், வீக்கம் இருக்காது. நாலு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுவாள். அம்மா, ‘ராத்திரி சாப்பிட்ட மீன் ஒத்துக்கலை’ என்று ஓமத் தண்ணீர் கொடுப்பாள். அப்புறம் இமை தொங்க ஆரம்பிக்கும். ‘தூக்கம் வருதா, படுத்துக்கோ’ என்பாள் அம்மா. தூக்கம் இல்லை அது. கண்ணிலிருந்து விஷம் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்து விழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சு விடுகிற தசை நின்றுபோகும். பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கமிருந்து இப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘காலையில நல்லா பேசிட்டு இருந்தா சிஸ்டர்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். காதலனுக்கு வேலை இல்லாமல் போகுமே என்று கவலைப்படாதீர்கள். ஒரு காலத்தில் வெண்டிலேட்டர் காலியாக இல்லையென்றால், தொண்டையில் குழாய் போட்டு, ரப்பர் பலூன் மாதிரி ஒரு பையைச் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிடுவோம். அமுக்கினால் அவளுக்கு மூச்சு, நிறுத்தினால் இல்லை. ராத்திரி முழுக்க முறை போட்டு அமுக்கியவர்கள் உண்டு. உங்கள் காதலன் அதைச் செய்யட்டும். கடித்த காலை உறிஞ்சுவதை விட எவ்வளவோ மேல்.

‘ஒரு ஊசி’ என்பதும் கிடையாது. மாற்று மருந்து பொடியாகக் குப்பியில் வரும். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. அந்த விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் வடநெம்மேலி இருளர் பாம்புப்பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு 1978-லிருந்து பங்கு உண்டு. ஆரம்பத்திலேயே எட்டு, பத்துக் குப்பி போகும். ஒவ்வொன்றிலும் தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும், அவசரப்பட்டுக் குலுக்கினால் நுரைத்துவிடும், மெதுவாகச் சுழற்ற வேண்டும். வெளியே ஒரு அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழும்போது உள்ளே ஒருத்தி குப்பியைப் பொறுமையாகச் சுழற்றிக்கொண்டிருக்கிறாள். அது என் அனுபவம், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் அட்ரினலின் ஊசி ஏற்றித் தயாராக இருக்க வேண்டும், குதிரை மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

பாம்பைக் கண்ணாடி விரியனாக மாற்றினால் கதை வேறு. அதன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் ஆடாமல் அசையாமல் வைத்து, அப்புறம் சாய்த்துப் பார்ப்போம். கட்டியாக நின்றால் நிம்மதி, தண்ணீராக ஓடினால் மருந்து. மெஷினும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். அந்த 20 நிமிஷம் குடும்பமே குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

எழுதி முடித்ததும் அனுப்புங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

நாய் கடித்தவர் நாய் மாதிரியே குரைப்பார், தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று இப்போது வந்த ஒரு தொடர்கதையிலும் படித்தேன்.
– வாசகர், தண்டையார்பேட்டை

உங்கள் ஊரிலேயே தொற்றுநோய் மருத்துவமனையை வைத்துக்கொண்டு என்னைக் கேட்கிறீர்கள்! குரைக்க மாட்டார்கள். தொண்டைத் தசை இழுத்துப் பிடிக்கும்போது வருகிற சத்தத்தை வெளியே நிற்கிறவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். தண்ணீரைக் கண்டால் மட்டுமில்லை, முகத்தில் காற்று பட்டாலே அந்த இழுப்பு வரும். மின்விசிறியை நிறுத்தச் சொல்லிக் கும்பிடுகிற நோயாளியை எந்தத் தொடர்கதையிலும் நான் படித்ததில்லை.

தொப்புள் ஊசி போய் இருபது வருஷமாகிறது. இப்போது கையில்தான், நாலைந்து தவணை. கடித்த உடனே சோப்புப் போட்டு 15 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டும். இந்த ஒரு பதிலை மட்டும் கத்தரித்து வீட்டில் ஒட்டிவையுங்கள். பழைய 14 ஊசிப் பயத்தில் ஆஸ்பத்திரிக்கே போகாதவர்களை நான் அறிவேன். அந்தப் பயத்தைக் கதைகள் இன்னும் பால் ஊற்றி வளர்ப்பதில் எனக்குக் கோபம்தான்.

கதாநாயகி இருமுகிறாள், கைக்குட்டையில் ரத்தம். உடனே மலைப்பிரதேச சானடோரியம், கடைசிக் கடிதம், மரணம். டி.பி. இப்படித்தானா?
– வாசகி, மூலக்கொத்தளம்

ரத்தம் வருவது உண்டு. மலைப்பிரதேசத்தை ஒழித்ததே நம் ஊர்தான். 1956-இல் இங்கே சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்தும், பாதிப் பேரை அவரவர் வீட்டிலேயே, இடநெருக்கடியான குடிசை வீடுகளிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959-இல் அந்த முடிவு வெளிவந்தது, உலகமே சானடோரியங்களை மூட ஆரம்பித்தது. நம் எழுத்தாளர்களுக்குத்தான் இன்னும் சேதி போகவில்லை.

இன்றைக்கு டி.பி. கதை எழுதுகிறவர் ரிஃபாம்பிசின் மாத்திரையை மறக்கக் கூடாது. அதைப் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். முன்னாடியே சொல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். இன்னொரு கூட்டம், இரண்டாவது மாதம் உடம்பு தேறியதும் ‘சரியாப் போச்சு’ என்று நிறுத்திவிடும். ஆறு மாதம் சாப்பிட வேண்டியது. என் பக்கத்துத் தெருவில் ஒருவர் மூன்று தடவை நிறுத்தி மூன்று தடவை ஆரம்பித்தார். இருமல் அவரை விட்டுப் போனது, மனைவிக்குக் காவல் வேலை மிச்சம். இன்றைக்கும் அந்த அம்மா மாத்திரை என்றால் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வார்.

கண் தானம் பெற்ற நாயகிக்கு, தானம் செய்தவரின் நீலக் கண் அப்படியே வந்துவிடுமா? அவர் கடைசியாகப் பார்த்த கொலையும் தெரியுமா?
– வாசகி, கொடுங்கையூர்

கொலை எல்லாம் தெரியாது, போலீஸுக்கு வேலை இருக்கிறது. முழுக் கண்ணை மாற்றுவதில்லை. முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கிற கருவிழிப்படலத்தை மட்டும்தான். அதற்கு நிறமே கிடையாது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், ஒருவர் கொடுத்தால் இரண்டு பேருக்குப் பார்வை வரும்.

எனக்கே அடுத்த மாதம் வலது கண்ணில் புரை ஆபரேஷன். லென்ஸ் மட்டும்தான் மாற்றுகிறார்கள், கண் நிறம் மாறாது என்று பேத்தியிடம் சொல்லிவிட்டேன், அவளுக்கு ஏமாற்றம். அதனால்தான் எண்ணூர்த் தம்பியிடம் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன். அடுத்த இதழில் நான் வர மாட்டேன், அதற்கடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்புங்கள்.